மறதிநோய் கண்டவருக்கு இல்லம் தேடுதல்

மறதிநோய் முற்றிய ஒருவருக்கு இல்லம் தேடும் வேலை பெரும்பாலும் ஒரு நள்ளிரவில் தொடங்குகிறது. வாசல் கதவு திறந்து கிடக்கும். படுக்கை காலியாக இருக்கும். தெருமுனைப் பால் பூத்தருகே யாரோ கையைப் பிடித்து நிறுத்தி வைத்திருப்பார்கள். சென்னை நங்கநல்லூரில் ஒரு குடும்பத்துக்கு அந்த இரவு 2019 பிப்ரவரியில் வந்தது. வெளியே போனவர் 74 வயதுப் பெண்மணி. இதை எழுதுபவருக்குப் பெரியம்மா முறை. திருச்சி தொலைபேசி நிலையத்தில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தங்கை வீட்டில் ஆறு வருடமாக இருந்தார். அன்று அவர் வழி தவறிப் போகவில்லை. கைப்பையில் சீப்பு, கைக்குட்டை, சின்ன டப்பாவில் நாலு பிஸ்கட் எடுத்து வைத்துக்கொண்டு நைட் டூட்டிக்குக் கிளம்பியிருந்தார்.

மறதிநோய் என்பது ஒரே நோயின் பெயர் அன்று. மூளையின் செல்கள் அழிந்து நினைவு, பேச்சு, நிதானம், நடத்தை எல்லாம் படிப்படியாகக் குலையும் நிலைக்கு அது பொதுப்பெயர். அதிகம் காணப்படுவது அல்சைமர். ஜெர்மனி நாட்டு மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-இல் அதை முதன்முதலாக விவரித்தார். மூளையின் ரத்தக் குழாய்கள் அடைபட்டு வருவது, லூயி பாடி என்னும் புரதப் படிவுகளால் வருவது, நினைவைத் தொடுவதற்கு முன்பே குணத்தை மாற்றிவிடுவது என்று வேறு வகைகளும் உண்டு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. எந்த வகை என்று மருத்துவரிடம் எழுதி வாங்காமல் இல்லம் பார்க்கக் கிளம்புவது தவறு. லூயி பாடி வகைக்காரருக்கு, மற்றவர்களுக்குக் கொடுக்கும் சில மனநல மருந்துகள் உடம்பை விறைக்க வைத்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். இல்லத்தில் ராத்திரி மாத்திரை எடுத்துக் கொடுப்பவருக்கு அந்த ஒரு தாள்தான் எச்சரிக்கை.

இல்லத்தில் விடுவது என்ற முடிவுக்கு வருவதற்குள் குடும்பங்கள் ஓய்ந்துபோகின்றன. நங்கநல்லூர் வீட்டில் பெரியம்மாவைப் பார்த்துக்கொண்ட தங்கைக்கே 70 வயது, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஏஜென்சி மூலம் வந்த ஆயாக்கள் மாதத்துக்கு ஒருவராக மாறினார்கள். முகம் மாறும்போதெல்லாம் பெரியம்மா மிரண்டார். உறவினர்கள் தொலைபேசியில், "பெத்த பிள்ளை இல்லாததனாலதானே கொண்டுபோய்த் தள்றீங்க" என்றார்கள். அந்தச் சொல் பல நாள் தூக்கத்தைக் கெடுத்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தபோது, பிள்ளையில்லாத முதியவரின் சொத்தை வைத்திருக்கிற அல்லது பின்னால் அடையப்போகிற வாரிசு உறவினருக்கும் பராமரிக்கும் கடமை உண்டு என்று சொன்னது. வீட்டில் வைத்துத்தான் பராமரிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. உடம்பு தாங்காத ஒருவர் ராத்திரி பகலாகக் காவல் இருப்பதை மட்டும் பராமரிப்பு என்று எண்ணுவது நோயாளிக்கும் நல்லதன்று, பார்த்துக்கொள்பவருக்கும் நல்லதன்று.

தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் நிறைய உண்டு. மறதிநோயாளருக்கு ஏற்றவை கொஞ்சம். பல இல்லங்கள் சேர்க்கைப் படிவத்திலேயே நினைவு தெளிவாகவும் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவராகவும் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். முதியோர் மருத்துவத்துக்கு இங்கே நல்ல தொடக்கம் இருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-இலேயே அதற்குத் தனிப் பிரிவு தொடங்கினார். மறதிநோய்க்கென்று நாடு தழுவிய சங்கம் 1992-இல் கேரளத்தில் உருவானது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டது. ஆனால் மருத்துவமனை சிகிச்சைக்கான இடம். வருடக்கணக்கில் குடியிருக்க வேண்டிய இடத்தைக் குடும்பங்கள் தாமாகத்தான் நடந்து பார்த்துத் தேட வேண்டியிருக்கிறது.

எந்த நேரத்தில் போய்ப் பார்ப்பது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. இல்லங்கள் பார்வையாளரைக் காலை 11 மணிக்கு வரச் சொல்லும். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்திருக்கும் நேரம் அது. நங்கநல்லூர்க் குடும்பம் முதலில் பார்த்த இல்லம் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் இருந்தது. வரவேற்பறையில் ஹோட்டல் போல் சோபா, செயற்கை நீரூற்று. கூடத்தில் 14 பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. மேலாளர் எல்லாவற்றையும் அழகாகச் சொன்னார். அடுத்த வாரம் தங்கை மகள் சொல்லாமல் கொள்ளாமல் மாலை ஆறு மணிக்குப் போனார். அதே கூடத்தில் ஒரு பெரியவர் கிரில் கதவை உலுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பாட்டி, "என் பையன் ஸ்கூல்லேருந்து வந்துடுவான், விடுங்கோ" என்று ஒவ்வொருவரிடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். இரண்டு ஆயாக்கள் இருந்தார்கள். ஒருவர் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் மறதிநோயாளருக்குப் பதற்றம் கூடுவது பரவலாகக் காணப்படும் ஒன்று. மூளையில் தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் கடிகாரம் பழுதாகிறது. வெளிச்சம் மங்க மங்கக் கண் காண்பதை மனம் தப்பாகப் படிக்கிறது. நாள் முழுதும் தாக்குப்பிடித்த களைப்பும் சேர்ந்துகொள்கிறது. வேலைக்குப் போயிருந்தவர் டூட்டிக்குக் கிளம்புவார். பிள்ளை வளர்த்தவர் பிள்ளையைத் தேடுவார். ஒரு இல்லத்தை எடைபோட இதைவிடப் பொருத்தமான நேரம் வேறில்லை. அந்த நேரத்தில் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள், விளக்கு முன்கூட்டியே போடப்படுகிறதா, பதறுபவரிடம் யாராவது போய்ப் பேசுகிறார்களா என்பதையெல்லாம் யாரிடமும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

இரவைப் பற்றிக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துட்டாங்கன்னா என்ன செய்வீங்க?" என்ற ஒரே கேள்வியை அந்தக் குடும்பம் ஐந்து இல்லங்களிலும் கேட்டது. தாம்பரம் தாண்டி இருந்த ஓரிடத்தில் நிர்வாகி சிரித்த முகத்தோடு, "எழுந்திருக்கவே மாட்டாங்க சார், அதுக்குத்தான் மாத்திரை இருக்கே" என்றார். அவர் அதை உறுதிமொழியாகத்தான் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. பதற்றத்தை அடக்கக் கொடுக்கும் மனநோய் மருந்துகளில் ஒரு பகுதி, மறதிநோய் முதியவர்களின் இறப்பு அபாயத்தைக் கூட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இல் மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிடும் கடும் எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. 2008-இல் அந்த வகையின் பழைய மருந்துகளுக்கும் அதை நீட்டித்தது. அவை அறவே கூடாது என்பதில்லை. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவுக்குப் போகும்போது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பதுண்டு. ஆனால் ஆயாக்கள் குறைவாக இருப்பதற்கு மாத்திரை மருந்தாகாது. யார் எழுதித் தருகிறார், எத்தனை நாளுக்கொருமுறை மறுபடி பார்க்கிறார், வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்களா என்று மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

கட்டிப்போடுவது அடுத்த விஷயம். அதைக் கட்டிப்போடுவது என்று எந்த இல்லமும் சொல்லாது. "சேஃப்டிக்காக" என்று சொல்லும். மூன்றாவதாகப் பார்த்த இடத்தில், பழைய காட்டன் புடவையைக் கிழித்த நாலு விரல் அகலத் துணி ஒரு அம்மாளின் இடுப்பைச் சுற்றி நாற்காலியின் பின்புறம் முடிச்சுப் போடப்பட்டிருந்தது. அந்த அம்மாள் முடிச்சைத் தேடி இடது கையைப் பின்னால் கொண்டுபோவதும், எட்டாமல் மடியில் வைப்பதும், மறுபடி கொண்டுபோவதுமாக இருந்தார். பார்த்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் அந்தக் கை நிற்கவில்லை. "விழுந்து இடுப்பு உடைஞ்சா நீங்கதானே எங்களைக் கேப்பீங்க" என்று ஆயா சொன்னார். அவர் பயம் நியாயமானது. ஆனால் கட்டுப்பட்டவர் இழுத்துப் போராடி நாற்காலியோடு சாய்வதும் உண்டு. நடக்காத கால் சில வாரங்களில் நடையையே மறந்துவிடும். தாழ்வான கட்டில், வழுக்காத தரை, சுவரோரம் கைப்பிடிக் கம்பி, சுற்றி வந்தால் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து விடும் நடைபாதை ஆகியவை இருந்தால் கட்ட வேண்டிய தேவை பெருமளவு குறையும். பூட்டு வேண்டும்தான், வெளிவாசலில் இருந்தால் போதும்.

உடம்பைப் பார்க்க வெட்கப்படக் கூடாது. அங்கே ஏற்கெனவே இருப்பவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, கண்ணாடி துடைத்திருக்கிறதா, அது அவருடைய கண்ணாடிதானா என்பவை மேலாளர் சொல்வதைவிட அதிகம் சொல்லும். நாலாவது இல்லத்தில் மூன்று பாட்டிகளுக்கு ஒரே கிண்ணத்தில் பல்செட் ஊறிக்கொண்டிருந்தது. பெண்கள் எல்லோருக்கும் முடியை ஒட்ட வெட்டி நைட்டி போட்டிருந்தார்கள். பேனும் அழுக்கும் சேராமலிருக்க அது வசதிதான். ஆனால் பெரியம்மா தினமும் பின்னலிட்டு இரண்டு சரம் பூ வைத்துக்கொண்டவர். கண்ணாடியில் முடியில்லாத தலையைப் பார்த்தால் அது யாரென்றே அவருக்குத் தெரிந்திருக்காது.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. எலும்பு துருத்தும் குதிகால், இடுப்பின் பின்புறம், முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் ரத்த ஓட்டம் நின்று புண் விழும்; விழுந்த புண் ஆறுவது கடினம். அதே நாலாவது இல்லத்தில் கட்டிலின் கால்மாட்டில் அதற்கான அட்டவணை மாட்டியிருந்தது. கோடு போட்டு, மணி எழுதி, ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்து. தங்கை மகன் அதைப் பார்த்தபோது மாலை ஐந்தரை. அன்றிரவு 12, 2, 4, 6 மணிக்கான கட்டங்களும் ஒரே நீல மையில் நிரப்பப்பட்டிருந்தன. அவர் ஒன்றும் பேசாமல் படி இறங்கி வந்துவிட்டார். பெருங்களத்தூர் வரும்வரை காரில் யாரும் பேசவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கட்டாயம் ஒருமுறை போக வேண்டும். மறதிநோய் முற்றும்போது மெல்லவும் விழுங்கவும் மறந்துபோகும். ஒருவருக்கு ஊட்டி முடிக்க அரைமணி நேரம் ஆகலாம். ஐந்து நிமிடத்தில் முடிகிறதென்றால் பாதி தட்டில் மீந்திருக்கும் அல்லது மூச்சுக்குழாயில் போய் நிமோனியாவில் முடியும். ரசம் சாதத்தைக் குழைய மசித்து, நிமிர்த்தி உட்கார வைத்து, ஒவ்வொரு வாயும் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு அடுத்ததை எடுப்பவர் கைகாரர். அப்படி ஒருவர் இருக்கும் இல்லத்தில் கட்டடம் பழசாக இருந்தால் பரவாயில்லை. மூக்குக் குழாய் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் கவனிக்க வேண்டும். சில இடங்களில் அது ஊட்டும் நேரத்தை மிச்சப்படுத்தப் போடப்படுகிறது.

பணம், காகித வேலைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் தெரிந்துவிடும். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, மருத்துவமனைக்குத் துணை போகும் ஆள் ஆகியவை மாதக் கட்டணத்துக்குள் வருமா வெளியே வருமா, டெபாசிட் எப்போது திரும்பும், நோய் முற்றினால் வெளியேறச் சொல்வார்களா, இறுதிக் கட்டத்தில் ஐசியுவுக்கு அனுப்புவார்களா அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஓய்வூதியக்காரருக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். வங்கிக் கணக்கில் இன்னொருவர் பெயரைச் சேர்ப்பது, உயில் எழுதுவது போன்றவற்றைத் தெளிவு இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தெளிவு போன பிறகு பொது அதிகாரப் பத்திரமும் எழுத முடியாது. அதன்பின் சொத்து விஷயத்துக்கு நீதிமன்றத்தின் வழியாகக் காப்பாளர் நியமனம் கேட்டு அலைய வேண்டியதுதான்.

ஐந்தாவது இல்லம் பார்வைக்குச் சாதாரணமானது. குரோம்பேட்டையில் பழைய மாடி வீடு, 16 பேர், முன்னால் வேப்பமரம். ஒரு பக்கச் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. கட்டணம் முதல் இல்லத்தின் பாதிதான். குடும்பம் கேள்வித் தாளை எடுப்பதற்குள் அங்கிருந்த சிஸ்டர் கேட்கத் தொடங்கிவிட்டார். காபி டம்ளரிலா டபராவிலா, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பார், ராத்திரி விளக்கு வேண்டுமா, எதைக் கண்டால் பயம், சின்ன வயதில் வீட்டில் எப்படிக் கூப்பிடுவார்கள், என்ன வேலை பார்த்தார். நாலு பக்கப் படிவம். ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் கடைசிப் பக்கத்தில்தான் வந்தன. முந்தைய நாலு இல்லங்களில் வீட்டார் கேட்டார்கள், இல்லம் பதில் சொன்னது. இங்கேதான் முதன்முதலாக ஓர் இல்லம் பெரியம்மாவைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பியது. மறதிநோயாளரின் பல நடத்தைகளுக்கு நோய் மட்டும் காரணமன்று, சுற்றியிருப்பவர் அவரை மனிதராக நடத்தாததும் காரணம் என்று இங்கிலாந்தின் டாம் கிட்வுட் 1997-இல் ஒரு புத்தகத்தில் வாதிட்டார். குரோம்பேட்டை சிஸ்டர் அதைப் படித்தவரா என்பது முக்கியமில்லை. இல்லத்தை அளக்க, அது கேட்கும் கேள்விகளைவிட நம்பகமான அளவுகோல் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

இரண்டு வாரச் சோதனைத் தங்கலுக்குப் பெரியம்மாவை அழைத்துப் போனார்கள். மாலை ஐந்தரைக்கு வழக்கம்போல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "டூட்டிக்கு நேரமாச்சு." சிஸ்டர் மறிக்கவில்லை. உட்காருங்கள் என்றோ, ரிட்டயர் ஆகி வருஷமாயிற்று என்றோ சொல்லவில்லை. அவர் உயரத்துக்குக் குனிந்து, "மேடம், இன்னிக்கு போர்டு இங்கதான் போட்டிருக்காங்க, வாங்க" என்று ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனார். அங்கே கோடு போட்ட நோட்டும் கயிறு கட்டிய பென்சிலும் இருந்தன. பெரியம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, காதோர முடியை ஒதுக்கி, ஹெட்செட்டைச் சரிசெய்வது போல் ஒருமுறை தொட்டுக்கொண்டு எழுதத் தொடங்கினார். எண்கள், ஊர்ப்பெயர்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல். எட்டு மணிக்கு, "ரிலீவர் வந்தாச்சு மேடம்" என்றதும் எழுந்து சாப்பிட வந்தார். அன்று முதல் இரவில் மாத்திரை தேவைப்படவில்லை. இது பொய் சொல்வதாகாதா என்று தங்கை முதலில் வருந்தினார். உண்மையைச் சொல்லி ஒருவரை நாள்தோறும் புதிதாக அழவைப்பதைவிட அவர் இருக்கும் காலத்துக்குப் போய்த் துணை நிற்பதே மேல் என்பதை அவரும் போகப்போக ஏற்றுக்கொண்டார்.

சேர்த்த பிறகும் மதிப்பீடு முடிவதில்லை. போகும் நேரத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மாத எடையைக் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். தொடர்ந்து குறைந்தால் ஊட்டுவதில் கோளாறு. ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் நோய் முற்றுகிறது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து இவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம், சரிசெய்தால் பழைய நிலைக்குத் திரும்பவும் கூடும். பெரியம்மாவுக்கு 2019 நவம்பரில் அப்படி ஆனது. ஊட்டிவிடும் ஆயாதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னார்: "அம்மா இன்னிக்கு பென்சிலைத் தொடலை." சோதனையில் சிறுநீர்த் தொற்று இருந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பார்வையாளர் வருகை நின்றது. இல்லங்களுக்கு அது கடும் சோதனை. வீட்டார் கண் படாத மாதங்களில் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அப்போது தெரிந்தது. குரோம்பேட்டையிலிருந்து வாரத்துக்கு இருமுறை வீடியோ கால் வந்தது. பெரியம்மாவுக்குத் திரையில் தெரியும் முகம் பிடிபடவில்லை. பின்னால் யார் நிற்கிறார் என்று போனைத் திருப்பிப் பார்த்தார். மூன்றாவது வாரம் சிஸ்டர் அலுவலக அறையின் லேண்ட்லைன் ரிசீவரை அவர் காதில் வைத்தார். மறுமுனையில் தங்கை, "அக்கா" என்றார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு தெளிவான குரலில், "திருச்சி டிரங்க். எந்த ஊர் வேணும்?" என்று கேட்டார். தங்கை, "கும்பகோணம் குடுங்க" என்றார். "லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா காத்திருந்தார், தங்கையும் காத்திருந்தார். அதன்பின் ஊரடங்கு முடியும்வரை லேண்ட்லைனில்தான் பேச்சு.

அவர் 2021 ஆகஸ்டில் அதே இல்லத்தில் காலமானார். எழுத்தில் ஒப்புக்கொண்டபடி கடைசி வாரத்தில் ஐசியுவுக்கு அனுப்பவில்லை. மருத்துவர் தினம் வந்து பார்த்தார், தங்கையை இரண்டு இரவு பக்கத்துக் கட்டிலில் படுக்க அனுமதித்தார்கள். குதிகாலிலும் முதுகிலும் புண் இல்லை. பின்னல் இருந்தது.